லேபிளைப் பார்த்து வேலையைத் தேர்ந்தெடுப்பது எப்படி: ஓப்பன் சோர்ஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மூல நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் திட்டம் ஒன்றுக்குக் கைகொடுக்க வேண்டும் என்ற ஆசையோடு வருகிற பலர் முதல் நாளிலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள். நன்றாக நிரல் எழுதத் தெரிந்தவர்கள்கூட எங்கே தொடங்குவது என்று புரியாமல்தான் திரும்புகிறார்கள். பெரிய திட்டம் ஒன்றின் இஷ்யூ பக்கத்தைத் திறந்தால் ஆயிரக்கணக்கான பதிவுகள் வரிசைகட்டி நிற்கும். அதில் எது புதியவர் தொடக்கூடியது, எது பத்து வருட அனுபவம் உள்ளவரே தயங்குவது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் லேபிள்கள் இருக்கின்றன.

இஷ்யூ என்பது ஒரு பிழையாக இருக்கலாம், ஒரு கோரிக்கையாக இருக்கலாம், வெறும் கேள்வியாகவும் இருக்கலாம். அதன் தலைப்புக்குப் பக்கத்தில் வண்ணத்தில் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டுதான் லேபிள். நிரல்களை வைத்துப் பலர் சேர்ந்து வேலை செய்யும் தளமான கிட்ஹப்பில் புதிதாக ஒரு ரெப்போ (திட்டத்தின் கோப்புகள் இருக்கும் களஞ்சியம்) தொடங்கினால் வழக்கமாக 9 லேபிள்கள் தாமாகவே வந்துவிடும். அவற்றில் புதியவர் கவனிக்க வேண்டியவை இரண்டு: 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ', 'ஹெல்ப் வான்டட்'. முதலாவது, முதன்முறை வருபவருக்கு ஏற்ற வேலை. இரண்டாவது, வெளியிலிருந்து யாராவது செய்து தந்தால் நல்லது என்று திட்டக்காரர்கள் நினைக்கும் வேலை. அது எளிதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. (இந்தக் கட்டுரையில் லேபிள் பெயர்களை ஒலிப்பை வைத்து எழுதியிருக்கிறேன். தளங்களில் அவை ஆங்கில எழுத்துகளில் இருக்கும், தேடும்போதும் ஆங்கிலத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.)

ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் போகிறவர் யாரும் லேபிள் ஒட்டிவிட முடியாது. அந்த ரெப்போவில் குறைந்தபட்சம் 'ட்ரியாஜ்' உரிமை, அதாவது இஷ்யூக்களை வகைப்படுத்தும் உரிமை, உள்ளவர்தான் ஒட்ட முடியும், அல்லது அவர்கள் அமைத்து வைத்த பாட் (தானாக இயங்கும் நிரல்) ஒட்டும். ஆகவே 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று ஓர் இஷ்யூவில் இருந்தால், உள்ளே இருக்கும் ஒருவர் அதைப் படித்துப் பார்த்து, "இதைப் புதியவர் செய்யலாம், நாங்கள் உதவுகிறோம்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். அந்த வாக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வைப்பதுதான் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் திறமை.

முதல் படி: திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் லேபிளைப் பாருங்கள்

பலர் நேராகப் போய் கிட்ஹப் முழுக்க 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று தேடுகிறார்கள். கேள்விப்பட்டே இராத திட்டங்கள் மலைபோல வந்து குவியும். நான் வேறு வழியைச் சொல்வேன். நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள்களில் எவையெல்லாம் ஓப்பன் சோர்ஸ் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உலாவி, எடிட்டர், வீடியோ பிளேயர், வேலையில் பயன்படுத்தும் நிரல் நூலகங்கள் என்று பட்டியல் எதிர்பார்த்ததைவிட நீளமாகவே வரும். நாமே பயன்படுத்தும் மென்பொருளில் ஒரு பிழை என்ன தொந்தரவு தருகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. திருத்திய பிறகு சரியாகிவிட்டதா என்று பார்க்கவும் நமக்கே தெரியும். புதியவருக்கு இதைவிடப் பெரிய பலம் கிடையாது.

திட்டம் முடிவானதும் அதன் இஷ்யூ பக்கத்துக்குப் போங்கள். மேலே 'லேபிள்ஸ்' என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் அந்தத் திட்டத்தின் லேபிள்கள் முழுவதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கத்தோடு வரும். அந்தப் பட்டியலை மட்டும் நிதானமாகப் படியுங்கள். எந்தப் பகுதிகள் இருக்கின்றன, எதை அவசரம் என்கிறார்கள், புதியவர்களுக்கு என்ன ஒதுக்குகிறார்கள் என்று அந்தத் திட்டத்தின் மனசே ஓரளவு புரிந்துவிடும். கூடவே 'கான்ட்ரிப்யூட்டிங்' என்ற கோப்பு இருந்தால் அதையும் பாருங்கள். எந்த லேபிளிலிருந்து தொடங்கலாம் என்று நல்ல திட்டங்கள் அதிலேயே எழுதி வைத்திருக்கும்.

கிட்ஹப்பில் இன்னொரு குறுக்குவழியும் உண்டு. ரெப்போவின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு 'கான்ட்ரிப்யூட்' என்று சேர்த்துப் பாருங்கள். அந்தத் திட்டத்தில் புதியவர்களுக்கு ஏற்ற இஷ்யூக்களை மட்டும் பொறுக்கி ஒரே பக்கத்தில் காட்டும்.

இரண்டாம் படி: அந்தத் திட்டத்தின் பேச்சு வழக்கைப் பிடியுங்கள்

எல்லாத் திட்டங்களும் ஒரே பெயரைப் பயன்படுத்துவதில்லை. 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று தேடி ஒன்றும் வரவில்லை என்பதால் அங்கே வேலை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொஸில்லா, பிழைகளைப் பக்ஸில்லா என்ற பிழைப் பதிவுக் கருவியில் வைத்திருக்கிறது. அங்கே 'குட்-ஃபர்ஸ்ட்-பக்' என்ற குறிச்சொல்லைத் தேட வேண்டும். அங்கே 'மென்ட்டர்' என்றொரு கட்டமும் உண்டு. அதில் ஒருவர் பெயர் இருந்தால் அவர் வழிகாட்டத் தயாராக இருக்கிறார் என்று அர்த்தம். லிப்ரெஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருள் திட்டமும் பயன்படுத்துவது பக்ஸில்லாதான், ஆனால் சொல் 'ஈஸிஹேக்'. அதோடு 'டிஃபிகல்ட்டிபிகினர்' போன்ற கடினநிலைக் குறியும், 'ஸ்கில்சிபிபி', 'ஸ்கில்பைத்தான்' போன்ற திறன் குறியும் சேர்ந்து வரும். எந்தக் கோப்பில் தொடங்கலாம் என்ற குறிப்பையும் இஷ்யூவிலேயே எழுத வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் முறை. புதியவர்கள்மேல் அக்கறை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதை நான் முன்மாதிரியாகவே சொல்வேன்.

பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ, 'ட்ராக்' என்ற கருவியைப் பயன்படுத்துகிறது. அங்கே 'ஈஸி பிக்கிங்ஸ்' என்ற குறியைத் தேடுங்கள், டிக்கெட்டின் (அங்கே இஷ்யூவுக்கு அதுதான் பெயர்) நிலை 'அக்ஸெப்டட்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்னும் ஏற்கப்படாத டிக்கெட்டில் உழைத்தால் உழைப்பு வீணாகலாம். பைத்தான் மொழி தன் இஷ்யூக்களை 2022-ல் கிட்ஹப்புக்கு மாற்றியது. அங்கே 'ஈஸி' என்ற ஒற்றைச் சொல். விக்கிமீடியா பயன்படுத்தும் ஃபேப்ரிகேட்டர் என்ற கருவியில் 'குட் ஃபர்ஸ்ட் டாஸ்க்'. டெபியன் இயங்குதளத்தில் 'நியூகமர்'. க்னோம் டெஸ்க்டாப் திட்டத்தில் 'நியூகமர்ஸ்'. கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேப் தன் சொந்தத் திட்டத்தில் 'க்விக் வின்' என்கிறது.

ரஸ்ட் மொழியின் லேபிள் முறையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அங்கே பெரும்பாலான லேபிள்கள் வகையைக் குறிக்கும் ஓர் எழுத்தில் தொடங்கும். 'ஏ' என்றால் பகுதி, 'சி' என்றால் வகை, 'பி' என்றால் முன்னுரிமை, 'எஸ்' என்றால் இப்போதைய நிலை. புதியவர்கள் பார்க்க வேண்டியது 'ஈ' வரிசை: 'ஈ-ஈஸி' என்றால் எளிதானது, 'ஈ-மென்ட்டர்' என்றால் வழிகாட்ட ஆள் இருக்கிறார். 'ஈ-நீட்ஸ்-டெஸ்ட்' என்று ஒன்றும் இருக்கிறது. பிழை ஏற்கெனவே சரியாகிவிட்டது, அது மறுபடி தலைகாட்டாமல் இருக்க ஒரு சோதனை எழுதித் தந்தால் போதும் என்று அதற்குப் பொருள். கம்பைலரின் (நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் கருவி) உள்ளே நுழைய பயப்படுபவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

மூன்றாம் படி: திட்டம் எதுவும் மனதில் இல்லையென்றால்

அப்போதுதான் பொதுத் தேடல். கிட்ஹப்பின் தேடுபெட்டியில் சில நிபந்தனைகளைச் சேர்த்துக் கொடுத்தால் குவியல் பாதியாகக் குறையும். 'லேபிள்' என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டு, இரட்டை மேற்கோளுக்குள் லேபிளின் பெயரைக் கொடுங்கள். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் கட்டாயம். அடுத்து 'இஸ்' முக்காற்புள்ளி 'ஓப்பன்', அதாவது இன்னும் மூடப்படாதவை. 'நோ' முக்காற்புள்ளி 'அசைனி', அதாவது யாரிடமும் ஒப்படைக்கப்படாதவை. 'லாங்வேஜ்' முக்காற்புள்ளி உங்களுக்குத் தெரிந்த நிரல்மொழி. கடைசியாக, கழித்தல் குறி போட்டு 'லிங்க்டு' முக்காற்புள்ளி 'பிஆர்' என்று சேர்த்தால், ஏற்கெனவே புல் ரிக்வெஸ்ட் (செய்த மாற்றத்தைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளும்படி அனுப்பும் கோரிக்கை) இணைக்கப்பட்ட இஷ்யூக்கள் விலகிவிடும். நிறையப் பேர் இந்தக் கடைசி நிபந்தனையைக் கவனிப்பதில்லை. வேறொருவர் முடித்துக்கொண்டிருக்கும் வேலையில் போய் முட்டிக்கொள்ளாமல் இருக்க இது பெரிய உதவி.

இரண்டு லேபிள்களில் எது இருந்தாலும் சரி என்றால் இரண்டையும் காற்புள்ளியால் பிரித்து ஒரே நிபந்தனையில் கொடுங்கள். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்றால் தனித்தனி நிபந்தனையாகக் கொடுங்கள். முடிவுகளைச் 'சமீபத்தில் புதுப்பித்தவை முதலில்' என்று வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்.

இஷ்யூவாகத் தேடாமல் ரெப்போவாகவும் தேடலாம். 'குட்-ஃபர்ஸ்ட்-இஷ்யூஸ்' என்று எழுதி முக்காற்புள்ளி, பெரிதுக் குறி, ஓர் எண் கொடுத்தால், அத்தனைக்கு மேல் புதியவர் வேலை வைத்திருக்கும் திட்டங்கள் மட்டும் வரும். பல திட்டங்களின் லேபிள்களைத் திரட்டிக் காட்டும் 'அப் ஃபார் க்ராப்ஸ்', 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' போன்ற தளங்களும் இருக்கின்றன. உலாவிப் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அங்கே பார்த்ததைத் திட்டத்தின் பக்கத்துக்கே போய் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: வாக்கு உயிரோடு இருக்கிறதா?

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். லேபிள் தானாக உதிராது. ஒட்டியவர் திட்டத்தைவிட்டே போயிருப்பார், லேபிள் மட்டும் பளிச்சென்று இருக்கும்.

ஒரு கற்பனை இஷ்யூவை எடுத்துக்கொள்வோம். தலைப்பு: "ஏற்றுமதி செய்த கோப்பில் நாளும் மாதமும் இடம் மாறி வருகிறது". மூன்று வருடத்துக்கு முன் பதிவானது, 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' லேபிள் உண்டு, யாரிடமும் ஒப்படைக்கவில்லை, 14 பின்னூட்டங்கள். பார்த்ததும் ஆசை வரும். அவசரப்படாமல் கீழே இறங்கிப் படியுங்கள். லேபிளை யார் எப்போது ஒட்டினார் என்பது பக்கத்தின் காலவரிசையில் ஒரு சின்ன வரியாக இருக்கும். பின்னூட்டம் எழுதியவர்களின் பெயருக்குப் பக்கத்தில் 'மெம்பர்', 'ஓனர்', 'கான்ட்ரிப்யூட்டர்' போன்ற குறிகள் இருக்கலாம். அவர்கள் சொன்னதற்குக் கூடுதல் எடை கொடுங்கள்.

இந்த இஷ்யூவில் எட்டுப் பேர் "நான் இதைச் செய்யலாமா?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போயிருக்கிறார்கள். ஒருவர் புல் ரிக்வெஸ்ட் அனுப்பி, அது மூடப்பட்டிருக்கிறது. ஏன் மூடினார்கள் என்று அதற்குள் போய்ப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு பராமரிப்பாளர் (திட்டத்தை நடத்துபவர்களில் ஒருவர்) இப்படி எழுதியிருக்கிறார்: "தேதி வடிவத்தைப் பயனரின் அமைப்பிலிருந்து எடுக்க வேண்டும். அதற்கு முதலில் அமைப்புகள் பகுதியையே மாற்ற வேண்டியிருக்கும்." அவ்வளவுதான், கதை மாறிவிட்டது. எளிது என்று நினைத்து லேபிள் ஒட்டினார்கள், தோண்டிப் பார்த்தால் வேர் ஆழமாகப் போகிறது என்று பின்னால் தெரிந்திருக்கிறது, லேபிளை எடுக்க மறந்திருக்கிறார்கள். இதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். போவதற்கு முன், "இந்தக் காரணத்தால் இது இப்போது புதியவர்களுக்குக் கடினம் என்று தெரிகிறது, லேபிளை எடுத்துவிடலாமா?" என்று மரியாதையாக ஒரு வரி எழுதி வைத்தால், உங்களுக்குப் பின்னால் வரும் ஒன்பதாவது ஆளுக்குப் பெரிய உபகாரம்.

இன்னொன்று: திட்டம் மொத்தமாகவே உயிரோடு இருக்கிறதா? கடைசியாக எப்போது மாற்றம் சேர்ந்தது, வெளியாட்கள் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்கள் சமீபத்தில் ஏற்கப்பட்டிருக்கின்றனவா, பதில் வர எவ்வளவு நாள் ஆகிறது என்று மூடிய புல் ரிக்வெஸ்ட் பட்டியலில் பத்துப் பதினைந்தைப் புரட்டினால் தெரிந்துவிடும். லேபிள் எவ்வளவு அழகாக இருந்தாலும், பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் உங்கள் முதல் பங்களிப்பைக் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

செயலிகளைப் பல கணினிகளில் ஓட வைத்து நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் திட்டம் இந்த விஷயத்தில் கறாராக இருக்கிறது. 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று ஒட்ட வேண்டுமானால் தீர்வு விளக்கப்பட்டிருக்க வேண்டும், தொடர்புள்ள நிரல்பகுதி சுட்டப்பட்டிருக்க வேண்டும் என்று எழுத்துபூர்வமான விதிகளே உண்டு. யாரும் தொடாத இஷ்யூ 90 நாள் கழித்து 'ஸ்டேல்' (பழசாகிவிட்டது) என்ற லேபிளைப் பெறும், அப்படியே விட்டால் அடுத்தடுத்த கட்டங்களில் பாட் மூடிவிடும். எந்தத் திட்டத்திலும் 'ஸ்டேல்' என்று பார்த்தால், அது இன்னும் தேவைதானா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: வேலையைக் கேட்டு வாங்குவது

சில திட்டங்களில் கேட்க ஒரு முறை இருக்கிறது. பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸில் 'டேக்' என்று ஒரு சொல்லைப் பின்னூட்டமாக எழுதினால் இஷ்யூ உங்கள் பெயருக்கு வந்துவிடும். ரஸ்டில் ரஸ்ட்பாட்டை அழைத்து 'க்ளெய்ம்' என்று சொல்ல வேண்டும். குபர்நெட்டீஸில் சாய்கோடு போட்டு 'அசைன்'. வேறு சில திட்டங்கள் யாருக்கும் ஒப்படைப்பதே இல்லை. முதலில் நல்ல புல் ரிக்வெஸ்ட் அனுப்புபவர் பக்கம்தான் வேலை. இதெல்லாம் 'கான்ட்ரிப்யூட்டிங்' கோப்பில் இருக்கும்.

முறை எதுவும் இல்லையென்றால் வெறுமனே "எனக்கு இதைக் கொடுங்கள்" என்று எழுதாதீர்கள். பராமரிப்பாளர் அந்த வரியை வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பவர். முதலில் திட்டத்தை உங்கள் கணினியில் இறக்கி ஓட வையுங்கள், பிழையை நீங்களே வரவழைத்துப் பாருங்கள், அப்புறம் இப்படி எழுதுங்கள்:

"வணக்கம். இந்தப் பிழை தற்போதைய பதிப்பிலும் வருகிறது, என் கணினியில் சோதித்துப் பார்த்தேன். ஏற்றுமதி செய்யும் கோப்பில் தேதியை நேரடியாக ஒரே வடிவத்தில் எழுதுவதுதான் காரணம் என்று தோன்றுகிறது. அதை மாற்றி, கூடவே ஒரு சோதனையும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். இந்த வழி சரிதானா? இந்த வார இறுதிக்குள் முதல் வரைவை அனுப்ப முடியும்."

இதைப் படிப்பவருக்கு நீங்கள் வேலையில் பாதியை ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்று தெரியும். வழி தவறாக இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவார். சொன்ன நாளில் முடியவில்லையென்றால் அதையும் ஒரு வரியில் சொல்லி, வேண்டுமானால் வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லாமல் வைத்திருப்பதுதான் மற்றவர்களுக்கு இடைஞ்சல்.

'எளிது' என்று எழுதாத நல்ல லேபிள்கள்

பிரபலமான திட்டங்களில் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' ஒட்டிய சில மணி நேரத்திலேயே யாராவது எடுத்துவிடுவார்கள். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். என்னைக் கேட்டால், புதியவருக்கு உண்மையிலேயே சிறந்த லேபிள் 'நீட்ஸ் ரிப்ரொடக்ஷன்' வகைதான். யாரோ ஒரு பிழையைச் சொல்லியிருக்கிறார், அதை வரவழைப்பது எப்படி என்று தெரியவில்லை என்பது அதன் பொருள். எந்தப் பதிப்பில், எந்த இயங்குதளத்தில், என்னென்ன செய்தால் பிழை வருகிறது என்று கண்டுபிடித்து எழுதினால் போதும். ஒரு வரி நிரல்கூட மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பராமரிப்பாளர்கள் அதை மனதார வரவேற்பார்கள். இப்படி நாலைந்து இஷ்யூக்களைத் துலக்குவதற்குள் நிரலின் உள்கட்டமைப்பும் உங்களுக்குப் பிடிபட்டிருக்கும்.

'டாக்குமென்டேஷன்' லேபிளும் அப்படித்தான். நிறுவும் வழிமுறையில் எந்த வரி குழப்புகிறது என்று பழைய ஆட்களுக்குத் தெரியாது, நேற்று முட்டி மோதிய உங்களுக்குத்தான் தெரியும். 'ஏ11ஒய்' என்று பார்த்தால் அது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வசதி செய்யும் வேலை. 'ஐ18என்', 'எல்10என்' என்றால் பன்மொழி ஆதரவும் மொழிபெயர்ப்பும். மொழிபெயர்ப்பு பெரும்பாலும் இஷ்யூ பக்கத்தில் நடக்காது, வெப்லேட் போன்ற தனித் தளத்தில் நடக்கும். ஆனால் அங்கே போகும் வழியை இந்த லேபிள் உள்ள இஷ்யூக்களில் பிடிக்கலாம்.

'வோன்ட்ஃபிக்ஸ்', 'டூப்ளிகேட்', 'பிளாக்டு', 'நீட்ஸ் டிஸ்கஷன்' ஆகியவற்றைக் கண்டால் விலகிப் போங்கள். முதலிரண்டும் முடிந்துபோன விஷயம். அடுத்த இரண்டிலும் முடிவெடுக்க வேண்டியவர்கள் வேறு.

வேலையை அனுப்பிய பிறகு

உங்கள் புல் ரிக்வெஸ்ட்டிலும் லேபிள் ஒட்டுவார்கள். பந்து யார் பக்கம் இருக்கிறது என்று அது சொல்லும். ரஸ்டில் 'எஸ்-வெயிட்டிங்-ஆன்-ரிவ்யூ' என்றால் அவர்கள் பார்க்க வேண்டும், 'எஸ்-வெயிட்டிங்-ஆன்-ஆத்தர்' என்றால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். தங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரியாமலேயே பலர் மாதக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறார்கள். வாரம் ஒருமுறையாவது லேபிள் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்களே ஒரு திட்டத்தை நடத்துபவர் என்றால்

தன்னார்வலர்கள் வர வேண்டும் என்று ஆசைப்பட்டு ஐம்பது இஷ்யூக்களில் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' ஒட்டுவதைவிட, ஐந்தில் ஒட்டி அந்த ஐந்தையும் ஒழுங்காக எழுதுவது மேல். "தேதி தவறு" என்று ஒற்றை வரியில் இருக்கும் இஷ்யூவில் லேபிள் ஒட்டினால் வருகிறவர் திகைத்து நிற்பார். பிழையை வரவழைக்கும் படிகள், எந்தக் கோப்பில் எந்தச் செயற்கூறு, முடிந்தது என்று எப்படி அறிவது, சந்தேகம் வந்தால் எங்கே கேட்பது ஆகிய நான்கையும் எழுதி விடுங்கள். இதற்கு ஆகும் நேரத்தில் நீங்களே அந்தப் பிழையைச் சரிசெய்துவிடலாம் என்று தோன்றும். உண்மைதான். ஆனால் அந்த நேரம் செலவாவது ஒரு புதிய ஆளை உள்ளே கொண்டுவருவதற்காக.

பெயர் வைக்கும்போது புதிதாக யோசிக்காமல் கிட்ஹப்பின் வழக்கமான பெயரையே வைத்துக்கொள்ளுங்கள், தேடலிலும் திரட்டும் தளங்களிலும் அகப்படும். பழைய முறை ஏற்கெனவே ஊன்றிவிட்டதென்றால் மாற்ற வேண்டாம். லேபிளின் விளக்கக் கட்டத்தில் தெளிவாக ஒரு வரி எழுதுங்கள். ரெப்போவின் 'டாபிக்' பகுதியையும் (திட்டம் எதைப் பற்றியது என்று சொல்லும் குறிச்சொற்கள்) நிரப்புங்கள். லேபிள் இஷ்யூவைக் காட்டும், டாபிக் திட்டத்தையே காட்டும்.

ஆளை இழுப்பதற்கென்று பரிசு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹாக்டோபர்ஃபெஸ்ட் நல்ல பாடம். டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014-ல் தொடங்கிய இந்த அக்டோபர் மாத நிகழ்வில், 2020-ல் டி-ஷர்ட்டுக்காக அர்த்தமற்ற புல் ரிக்வெஸ்ட்கள் வந்து குவிந்தன. பராமரிப்பாளர்கள் கொதித்துப் போனார்கள். நிகழ்வு நடந்துகொண்டிருக்கும்போதே விதி மாறியது: 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' என்ற டாபிக்கைத் தாங்களாகவே சேர்த்துக்கொண்ட திட்டங்கள் மட்டும் பங்கேற்கும், பங்களிப்பு ஏற்கப்பட்டதைக் காட்ட 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்-அக்ஸெப்டட்' என்ற லேபிளை ஒட்டலாம். யார் வரலாம், எது கணக்கில் சேரும் என்ற அதிகாரம் அப்படித்தான் திட்டக்காரர்கள் கைக்கு வந்தது.

மாதம் ஒருமுறை உங்கள் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' பட்டியலை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். யாரோ எடுத்துக்கொண்டு பதில் சொல்லாமல் இருந்தால் அன்போடு விசாரித்து விடுவியுங்கள். நினைத்ததைவிடக் கடினம் என்று தெரிந்ததிலிருந்து லேபிளை எடுத்துவிடுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குப் புதியவர்களுக்குப் பதில் சொல்ல நேரம் இருக்காது என்று முன்பே தெரிந்தால், மொத்த லேபிளையும் அந்த ஒரு மாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, திரும்பி வந்ததும் ஒட்டிக்கொள்ளலாம்.